முதலிடம் பிடித்த கார்

2008-இல் சிதம்பரத்தில் இருந்தோம். வருடந்தோறும் வரும் நம்பகமான கார்களின் பட்டியலில் முதலிடம் பிடித்த கம்பெனியின் காரை வாங்கியிருந்தேன். கடைசி இடத்துக் கம்பெனியின் பழைய காரை ஓட்டிய மச்சான் செல்வத்தைக் கேலி செய்யாத நாளில்லை.

பிரசவ வலியெடுத்த மனைவியோடு கடலூர் டாக்டரிடம் கிளம்பிய காலையில், என் கார் பாதி வழியில் சூடேறி நின்றுவிட்டது. போன் செய்ததும் செல்வம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தன் காரில் வந்து அக்காவை ஏற்றினான்.

"ரேடியேட்டர்ல தண்ணி எப்ப மாமா பாத்தீங்க?"

"நம்பர் ஒன் வண்டியாச்சேன்னு பாக்கவே இல்லடா." எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பரவால்ல, ஏறுங்க மாமா. அக்கா கைய புடிச்சிக்குங்க."

மகள் நலமாகப் பிறந்தாள். பட்டியல் பொய் சொல்லவில்லை. ஊரார் கார்களை வைத்துப் போட்ட அந்தப் பட்டியலுக்கு என் அலட்சியம் எப்படித் தெரியும்? செல்வத்துக்குத் தெரியும். இன்றுவரை ஒரு தடவைகூட அவன் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.