பத்து ரவுண்ட்

இருபத்தேழு வருடம் பி.டி. மாஸ்டராகச் சம்பளம் வாங்கிய மனிதருக்கு நாற்பதடி தூரம் ஓட வராது என்ற விஷயம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் தெரிந்துபோனது.

அன்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சட்டையை வெளியே விட்டிருந்தான். அதற்குப் பத்து ரவுண்ட். மாஸ்டரிடம் எல்லாத் தப்புக்கும் ஒரே தண்டனைதான். ஷூவில் பாலிஷ் இல்லையா, பத்து ரவுண்ட். வரிசையில் சிரித்தாயா, பத்து ரவுண்ட். குண்டாக இருக்கிறாயா, அதற்குத் தனியாகத் தப்பு எதுவும் செய்ய வேண்டியதில்லை, பத்து ரவுண்ட். அவர் மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசிலைப் பல்லில் கடித்தபடி எண்ணுவார். ஏழாவது ரவுண்டில் பையன் மைதானத்தின் எதிர்க்கோடியில் சுருண்டு விழுந்தான்.

மாஸ்டர் பதறி எழுந்து ஓடினார். பாவம், உண்மையாகவே பதறித்தான் ஓடினார். ஆனால் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஸ்ட்ரெச்சர் தூக்கி வந்த இரண்டு ஊழியர்களுக்கு யாரைத் தூக்குவது என்று குழப்பம். அவர்கள் முடிவு செய்வதற்குள் பையன் தானே எழுந்து, தண்ணீர் குடித்து, மாஸ்டருக்கு நோட்டால் விசிறிக்கொண்டிருந்தான்.

அந்த வருடம் புதிதாக வந்திருந்த தலைமையாசிரியை மறுநாள் அவரைக் கூப்பிட்டார்.

"இனிமே நீங்க எந்தப் பிள்ளையை ஓட விட்டாலும், நீங்களும் கூடவே ஓடணும் மாஸ்டர். அதுதான் ரூல்."

"மேடம், எனக்கு ஐம்பத்திரண்டு வயசு."

"அந்தப் பையனுக்குப் பதிமூணு. அவன்கிட்ட யாரும் வயசு கேக்கலையே. பன்னிரண்டு வாரம் டைம் தர்றேன். நிக்காம பத்து ரவுண்ட், பதினாறு நிமிஷத்துக்குள்ள ஓடிக் காட்டுங்க. நீங்க தினமும் குடுக்கிறதைத்தான் உங்ககிட்ட கேக்கிறேன்."

"முடியலைன்னா?"

"புத்தக ஸ்டோர்ல ஆள் இல்லை. உக்காந்து பாக்கிற வேலை. உங்களுக்குப் பழக்கமானதுதான்."

சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் மைதானம் போனால் அவர் யார்? வீட்டில் அவர் பேச்சுக்கு டிவி ரிமோட்கூட நகராது. மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிஸ்ட். நாள் முழுக்க ஊரார் புலம்பலைக் கேட்டுவிட்டு வந்து, இவர் புலம்பலுக்குக் காதை மூடிக்கொள்வாள். மகள் கல்யாணமாகிப் போனபிறகு போனில் "அம்மா இருக்காங்களா?" என்பதோடு சரி. உலகத்தில் அவர் விசில் ஊதினால் நானூறு பேர் மூச்சை அடக்கி நிற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் பிடுங்கப் பார்த்தார்கள்.

புது ரூலால் ஒரு நன்மை நடந்தது. தான் ஓட முடியாததால் அவரால் யாரையும் ஓட விட முடியவில்லை. குண்டுப் பிள்ளைகள் டிஃபன் பாக்ஸைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

மாஸ்டர் பயிற்சியில் இறங்கினார். எப்படி? தனக்குத் தெரிந்த ஒரே வழியில். முதல் நாள் காலையே நகராட்சி மைதானத்துக்குப் போய், தனக்குத்தானே பத்து ரவுண்ட் விதித்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு எது சரியோ அது தனக்கும் சரி என்று அவர் நம்பினார் பாருங்கள், அந்த ஒரு விஷயத்தில் மனிதர் யோக்கியர். ஒன்றரை ரவுண்டில் நாக்குத் தள்ளியது. இரண்டாவது முடிவதற்குள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலையில் குடித்த டீயை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"உக்காராதீங்க சார். மெதுவா நடங்க. மூக்கால மூச்சு இழுங்க."

நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தைந்து வயதுப் பெண். தொப்பி, சாயம் போன டி-ஷர்ட், கையில் கடிகாரம். பகலில் மருந்துக்கடையில் வேலை. காலையில் ஓடத் தெரியாதவர்களுக்கு ஓடக் கற்றுத் தருகிறாள், இலவசமாக. அவளைச் சுற்றி அவரைப் போலவே மூச்சு வாங்கிக் களைத்த ஐந்தாறு பேர். இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்ட லாரி டிரைவர் ஒருவர் அவரைப் பார்த்து, "வாங்க சார், நம்ம ஜாதிதான்" என்று சிரித்தார்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. எட்டுத் தடவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். அவ்வளவுதான்."

"ஒரு நிமிஷமா? சின்னப் பிள்ளைகூட ஓடுமேம்மா!"

"சின்னப் பிள்ளைங்க எவ்வளவு ஓடும்னு உங்களுக்குத் தெரியும் சார். உங்களால எவ்வளவு முடியும்னு பாப்போம்."

ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளமானது என்று மாஸ்டர் அந்த வாரம்தான் தெரிந்துகொண்டார். முழங்கால் முனகியது. குனிந்தால் வயிறு மறைத்தது. ஷூ லேஸை மனைவிதான் கட்டிவிட்டாள். "இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறீங்க?" என்று முடிச்சை ஒரு இழு இழுத்துச் சொன்னாள்.

இரண்டாவது வாரம் கொஞ்சம் மூச்சு வசப்பட்டதும் தலைகால் புரியவில்லை. ஓய்வு நாளிலும் ரகசியமாகப் போய் ஓடினார். கணுக்காலுக்கு மேலே எலும்பில் வலி வந்து ஐந்து நாள் நொண்டினார். மருந்துக்கடைக்காரி அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, கால் எலும்பை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ஓடுற நாள்ல உடம்பு அடி வாங்குது சார். சும்மா இருக்கிற நாள்லதான் அது தேறுது. வாரத்துக்குக் கொஞ்சம்தான் கூட்டணும். அவசரப்பட்டா உள்ளதும் போயிடும்."

"நீ சொன்னா சரிம்மா" என்றார் மாஸ்டர். வேறு யாரிடமும் அவர் அப்படிப் பணிந்து பேசியதில்லை. அவளுடைய பொறுமை அவருக்குப் பிடித்திருந்தது. தான் அப்படி யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லையே என்ற நினைப்பு மட்டும் வரவில்லை.

நாலாவது வாரம் மூன்று நிமிட ஓட்டம். ஏழாவது வாரம் எட்டு நிமிடம். அவளிடம் ஒரே ஒரு சோதனை இருந்தது. ஓடும்போது பேச முடிய வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடிந்தால் வேகம் சரி, பாதியில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். அதனால் ஆளுக்கொரு நாள் பக்கத்தில் ஓடிக்கொண்டே, "ஏதாவது பேசுங்க" என்பாள். லாரி டிரைவர் டயர் விலையைப் பேசுவார். மாஸ்டருக்குப் பேச இருந்ததெல்லாம் பள்ளிக்கூடம்தான்.

"ஒரு கதை சொல்றேன், கேளும்மா" என்றார் ஏழாவது வாரத்தில். வாயெல்லாம் பல். "ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு. அவ்வளவு பெருசு. பீப்பான்னு நான்தான் பேர் வச்சேன். அதுக்கப்புறம் டீச்சருங்ககூட அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஒரு நாள் ஷூ போடாம வந்துட்டா. விழா ஒத்திகை, மொத்த ஸ்கூலும் மைதானத்துல. விட்டேன் பத்து ரவுண்ட். எல்லாரையும் சத்தமா எண்ணச் சொன்னேன். ஆறாவது ரவுண்ட்ல நின்னுட்டா. பாத்தா, பாவாடையெல்லாம் ஈரம்! நான் மைக்கை எடுத்து, 'பீப்பா ஒழுகுது'ன்னேன். அன்னைக்கு அடிச்ச சிரிப்பு இருக்கே, நாலு தெரு தாண்டிக் கேட்டிருக்கும்."

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அந்தப் பீப்பா பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தாள். முதல் நாள் வேலியோரம் அவரைப் பார்த்தபோதே அவளுக்கு ஆள் யாரென்று தெரியும். அவருக்குத்தான் தெரியவில்லை, முகத்தைப் பார்த்துப் பேர் வைத்திருந்தால்தானே முகம் நினைவிருக்கும்?

அவள் ஓட்டத்தின் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இன்னும் முக்கால் ரவுண்ட் ஓடினாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒரு இடத்துலகூட மூச்சு வாங்கலை சார். அடுத்த வாரம் பத்து நிமிஷம் ஓடலாம்."

பன்னிரண்டாவது வாரம் சோதனை. வெளியாள் ஒருவர் நேரம் பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னதும், மாஸ்டர் பெருமையாக அவளையே அழைத்து வந்தார். பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி நின்றார்கள். எத்தனையாவது ரவுண்டில் விழுவார் என்று பார்க்கத்தான் நின்றார்கள், குற்றம் சொல்ல முடியாது. அவர் விழவில்லை. அவள் சொல்லிக் கொடுத்தபடி முதல் நாலு ரவுண்டை அடக்கி ஓடி, நடுவில் மூச்சைச் சமன் செய்து, கடைசி இரண்டில் வேகம் கூட்டினார். கோட்டைத் தாண்டியபோது கைதட்டல்கூட வந்தது.

"எவ்வளவு?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

கடிகாரம் அவள் கையில். பதினாறு நிமிடம் பத்து விநாடி என்று சொல்லியிருந்தால் யாரும் வாங்கிப் பார்த்திருக்கப் போவதில்லை. மைதானத்தை ஒரு சுற்று பார்த்தாள். வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். எனக்கு இன்றைக்கும் அவள்மேல் கோபம்தான். ஆனால் அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"பதினஞ்சு நிமிஷம், ஐம்பத்திரண்டு விநாடி" என்றாள்.

வாசல்வரை வழியனுப்ப வந்த மாஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "உன்னை மறக்கவே மாட்டேம்மா. என் மானத்தைக் காப்பாத்திட்டே."

"நீங்க மறந்துட்டீங்க சார். அந்தப் பீப்பா நான்தான்."

அவர் ஒரு விநாடி விழித்தார். பிறகு முகம் மலர்ந்துபோனது. கேட்டிருந்தால் உங்களுக்கும் வயிறு எரிந்திருக்கும்.

"அட, நீயா! பாத்தியா, அன்னைக்கு நான் ஓட விட்டதாலதானே இன்னைக்கு நீ இவ்வளவு பெரிய ஓட்டக்காரி!"

"அதுக்கப்புறம் பதினாறு வருஷம் நான் ஓடவே இல்ல சார். பஸ் கிளம்பினாக்கூட ஓட மாட்டேன். பின்னாடி யாராவது எண்ணுவாங்களோன்னு பயம். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்போகூடத் தெருமுனை டாக்டர் வீட்டுக்கு நடந்துதான் போனேன். அவர் வரும்போது அப்பா இல்ல."

மாஸ்டர் வருத்தமாகத் தலையாட்டினார். தோளில் தட்டிக் கொடுத்தார்.

"அதெல்லாம் பழசும்மா. இப்ப ஓடுறேல்ல? அதுதான் வேணும்."

அவள் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனாள்.

திங்கட்கிழமை இரண்டாவது பீரியட். ஏழாம் வகுப்பில் ஒரு பெண், உடம்பு கொஞ்சம் கூடுதல், ரிப்பன் கட்ட மறந்து வந்திருந்தாள். விசில் ஒலித்தது. பத்து ரவுண்ட். ரூல்படி மாஸ்டரும் கூட ஓடினார். முன்பெல்லாம் பிள்ளைகள் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போனதும் கொஞ்சம் நடந்து மூச்சு விட்டுக்கொள்வார்கள். இப்போது அதற்கு வழியில்லை. அவர் மூன்றடி பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

மாடி வராந்தாவிலிருந்து தலைமையாசிரியை கிளார்க்கைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, மாஸ்டரே கூட ஓடுறார். மனுஷன் எப்படி மாறிட்டார்!"

நாலாவது ரவுண்டில் அந்தப் பெண் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"சார், மூச்சு முட்டுது சார்."

"எனக்கு முட்டலையே" என்றார் மாஸ்டர், ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்காமல். "ஓடு."