நாலாம் அத்தியாயமும் காலை ஏழு மணி நடையும்

உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்க வைக்கும் தொழில் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அதற்கு முனைவர் பட்ட ஆய்வு என்று பெயர். நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் ஓடும் கால்வாய்த் தண்ணீரைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகம் கடைசி நீட்டிப்பும் கொடுத்தாகிவிட்டது. அந்த மாதக் கடைசிக்குள் ஒப்படைக்காவிட்டால் பதிவே ரத்து. அந்த நேரம் பார்த்து இரத்த அழுத்தமும் ஏறிக்கொண்டது. தினமும் நடங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள், இல்லாவிட்டால் ஆய்வேட்டுக்கு முன்னால் நீங்கள் முடிந்துவிடுவீர்கள் என்று டாக்டர் சிரிக்காமல் சொன்னார். சக நோயாளிகளே, அப்புறம் நடந்ததைக் கேளுங்கள்.

நடப்பது எப்படி?

நடக்கச் சொன்னால் சாதாரண மனிதர்கள் செருப்பை மாட்டுவார்கள். நான் ஆய்வுக் கட்டுரை தேடினேன். காலை நடையா மாலை நடையா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, மேடா சமதளமா என்று ஒரு வாரம் நாற்காலியை விட்டு எழாமல் படித்தேன். அடிக்குறிப்போடு எட்டுப் பக்கம் எழுதிப் பெருமையாக என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறவர் அவர். எல்லாப் பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "இதுல நீ நடந்தது எந்தப் பக்கத்துல இருக்கு?"

ஒரு மணிச் சாப்பாடு

அடுத்தது சாப்பாடு. கெலுகோர் பல்கலைக்கழகத்தில் என்னோடு உட்கார்ந்து ஆய்வேடு எழுதுகிற சிலர் சேர்ந்து ஒரு சட்டம் போட்டோம். மதியம் ஒரு மணிக்கு எல்லாரும் கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும். மேசையில் ஆய்வைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

முதல் நாள் நாசி கண்டார் சோறு வந்தது. சாப்பிட்டோம். மீன் முள்ளை மிகக் கவனமாக ஒதுக்கினோம். குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினோம். அத்தோடு பேச்சு தீர்ந்துவிட்டது. தே தாரிக் டீயைக் குடித்து முடிக்கும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களில் இளையவனான முரளி கை கழுவிவிட்டு வந்து, பயந்துபோன முகத்தோடு சொன்னான்: "அக்கா, நமக்குப் பேச வேற ஒண்ணுமே இல்ல லா."

மேட்டில் கழன்றது

என்னை உண்மையாகவே நடக்க வைத்தவர் பக்கத்து வீட்டு சாந்தி அக்கா. காலை ஏழு மணிக்குக் காடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்து, என்னைத் தண்ணீர்மலைப் பக்கம் இழுத்துப் போவார். சமதளத்தில் என் ஆய்வைப் பற்றி நிறுத்தாமல் பேசுவேன். மேட்டில் மூச்சு விட்டால் போதும் என்றிருக்கும்.

ஒரு நாள் மேட்டில் ஏறும்போது, அப்படி என்னதான் கண்டுபிடித்தாய் என்று அக்கா கேட்டுவிட்டார். மூச்சு வாங்க வாங்க, அவசியமானதை மட்டும் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தேன். மேலே போய் நின்றதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாலாம் அத்தியாயத்தை நான் சொல்லவே இல்லை. ஒன்றரை வருடமாக என் உயிரை எடுத்த, எதோடும் ஒட்டாத அந்தக் கணினிக் கணக்கு இல்லாமலே ஆய்வு முழுசாக நின்றது! சந்தோஷம் தாங்காமல் இறக்கத்தில் ஓட ஆரம்பித்தேன். பின்னாலிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "டாக்டர் நடக்கத்தான் சொன்னாரு, கால ஒடச்சிக்கச் சொல்லல லா."

மேற்பார்வையாளரின் பயம்

ஒப்படைக்க இரண்டே வாரம். இந்த நேரத்தில் ஒரு அத்தியாயத்தையே தூக்குகிறேன் என்றால் எந்த மேற்பார்வையாளர் சம்மதிப்பார்? என் மேற்பார்வையாளர் டாக்டர் ஸ்டெல்லா முன்னால் உட்கார்ந்து, நாலாம் அத்தியாயம் இல்லாமலே ஆய்வு எப்படி நிற்கும் என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "நானே சொல்லணும்னு நாலு மாசமா நெனச்சேன், நீங்க அழுதுடுவீங்கன்னு பயமா இருந்துச்சு."

லீவு போட்டவர்

ஒப்படைக்கும் நாளுக்கு எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நிமிடத்தில், காப்பியும் கண்ணீருமாக அனுப்பிவிட்டுச் சாய வேண்டும். அப்படிச் சாய்ந்த சிலரைப் பார்த்திருந்ததால், என்னைத் தாங்கிப் பிடிக்க வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். நானோ நன்றாகத் தூங்கி எழுந்து, நடந்து, தோசை சாப்பிட்டுவிட்டு, காலை பதினொரு மணிக்கே ஆய்வேட்டை அனுப்பினேன்.

பெற்றுக்கொண்டோம் என்று திரையில் வந்ததும் வீடு அதிரக் கத்தினேன். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து அவர் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். நாற்காலியில் சிரித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது; அதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீ முடிப்பியான்னு எனக்குக் கவலையே இல்ல, முடிக்கிறப்ப நீ இருக்கணுமேன்னுதான்."

ஆக, நேரத்துக்குத் தின்று தூங்கியும் ஆய்வேட்டை முடிக்கலாம் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. யாராவது ஆதாரம் கேட்டால் தாராளமாக என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.