சித்திரைக்கு முன் வைத்த மெட்டுகள்

அன்று கொட்டிலில் இருந்தவர்கள் இவர்கள்.

அண்ணை. பாயில், தூணோடு சாய்ந்தபடி.

அண்ணையின் மகள் பூமணி. மடியில் வீணை.

நல்லூர் வாத்தியார். வாங்குப் பலகையில்.

பக்கத்து வளவு அன்னம்மா அக்கா. கையில் நெருப்புச் சட்டி.

மெழுகுச் சட்டியோடு நான். அண்ணையின் ஒரே தங்கை.

வேறு ஒருவரும் இல்லை. மாசி மாதம், மத்தியானம். அண்ணை கடைசியாக வேலை செய்த நாள் அது.

அவர் எங்களை விட்டுப் போய் இந்தப் பங்குனியோடு ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு மாமிதான் எழுத வேண்டும் என்று பூமணி சொன்னாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணை பிறந்தது இணுவிலில், இதே வளவில்தான். எங்கள் தகப்பனார் வண்டில் செய்பவர். அவர் காய்ச்சலில் போனபோது அண்ணைக்கு மீசை அரும்பவில்லை. பள்ளிக்கூடம் போன சட்டையோடேயே கொட்டிலுக்குள் போய் உளியை எடுத்தார். பிறகு வெளியே வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வண்டில் சக்கரம், கதவு, யன்னல், நெற்பெட்டி, எல்லாம் செய்தார். கந்தசாமி கோயில் வாகனங்களுக்குக் கால் உடைந்தால் அவர்தான் போவார். அதற்கு ஒன்றும் வாங்கியதில்லை.

வீணை வந்தது தற்செயலாக. நல்லூரில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் ஒருவர், குடம் வெடித்த வீணை ஒன்றை ஒட்டித் தரும்படி கொண்டுவந்தார். அண்ணை அதை ஒட்டிக் கொடுத்தார். கொடுக்கும் முன் கழற்றி உள்ளே எல்லாம் பார்த்துவிட்டார். பிறகு சாவகச்சேரிப் பக்கம் போய் ஒரு பலா மரம் பார்த்து வாங்கி வந்தார். மரம் கொட்டிலில் கிடந்து காய்ந்தது. காய்ந்த பிறகு குடைந்தார். குடைந்துகொண்டே விரல் மொளியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். கேட்டது திருப்தி என்றால் நிறுத்துவார். பலாத்தூள் பட்டு அவருடைய வேட்டிகள் எல்லாம் மஞ்சள் பிடித்திருந்தன. எவ்வளவு தோய்த்தாலும் போகாது. தோய்த்தது நான். எனக்குத் தெரியும்.

அந்த முதல் வீணையை வாத்தியாரே வாங்கினார். வீணைத் தண்டில் மெட்டுகள் என்று வெண்கலத் துண்டுகள் வரிசையாக இருக்கும். விரல் வைக்கிற இடம் அவைதான். அவற்றை ஆணி அடித்து இறுக்குவதில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில்தான் பதிக்க வேண்டும். அண்ணை மார்கழி மாதத்தில் தனியே இருந்து, தன் காதால் கேட்டுப் பதித்துக் கொடுத்தார்.

சித்திரையில் வாத்தியார் வண்டிலில் வந்து இறங்கினார். வீணையை வேட்டியில் சுற்றி, குழந்தைப்பிள்ளை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன காணும், இது வீணையோ, வெண்ணெயோ?"

வெயிலுக்கு மெழுகு இளகி, மெட்டுகள் ஒன்றை ஒன்று பார்த்துச் சரிந்து கிடந்தன.

"மார்கழியிலை நல்லாத்தானே நிண்டது" என்றார் அண்ணை.

"மார்கழிக்கு ஒண்டு, சித்திரைக்கு ஒண்டெண்டு வைச்சிருக்க நான் என்ன மணியகாரனே? நிண்ட காலத்திலையும் சுருதி உம்மடை காதுக்குத்தான் சரி. என்ரை காதுக்கு இல்லை."

அண்ணை வீணையை வாங்கி வைத்தார். மெழுகைச் சுரண்டி எடுத்தார். வாத்தியாரை வாங்கில் இருத்தித் தட்டச் சொல்லி, அந்த வெயிலிலேயே முழுவதையும் திரும்பப் பதித்தார். அது இன்றுவரை அசையவில்லை.

அன்று தொடக்கம் அவருக்கு இரண்டு சட்டம். சித்திரை வெயிலில்தான் மெட்டு வைப்பது. வாசிக்கப் போகிறவர் எதிரே இருந்தால்தான் வைப்பது. மற்ற மாதங்களில் யார் கேட்டாலும் ஒரே பதில்: "சித்திரையிலை வாங்கோ." ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

அண்ணி, பூமணி சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே காய்ச்சலில் தவறிவிட்டா. நான் கலியாணம் செய்யவில்லை. பிள்ளையை நானும் அண்ணையுமாக வளர்த்தோம். வாத்தியாரிடமே அவள் வீணை பழகினாள். வாத்தியார் வீட்டு வீணையில்தான். அண்ணை ஊருக்கெல்லாம் வீணை செய்தார். வீட்டில் ஒன்று இல்லை. நல்ல மரம் வந்தால் யாராவது கேட்டு வந்துவிடுவார்கள். கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வராது.

பூமணிக்கு மலாயாவில் றெயில்வே உத்தியோகம் பார்த்த மாப்பிள்ளை பொருந்தியது. கப்பலுக்குப் போகும் கிழமை அவள் கேட்டாள்.

"ஐயா, எனக்கொரு வீணை செய்து தருவியளோ?"

"கையை நீட்டு பிள்ளை."

ஒரு நூலை எடுத்து முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்தார். பிறகு இருத்தி மடி அளந்தார். அளந்த இடத்தில் முடிச்சுப் போட்டார்.

"என்ன ஐயா, சட்டை தைக்கப் போறியளோ?"

"ஓம். மரத்திலை."

"எப்ப முடியும்?"

"அடுத்த முறை வரேக்கை மெட்டு வைப்பம். சித்திரை பாத்து வா."

அவள் சிரித்துக்கொண்டு போனாள். நூல் கொட்டில் ஆணியில் தொங்கியது.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதம் நின்றுபோனது. அண்ணை தபால் கந்தோருக்குப் போய் வந்தார். "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குள் போவார். கொஞ்சக் காலத்தில் கந்தோருக்குப் போவதை விட்டார். கொட்டிலுக்குப் போவதை விடவில்லை.

அந்த வருஷங்களில்தான் அவளுடைய வீணை உருவானது. குடமும் தண்டும் ஒரே மரத்தில் எடுத்தார். நூலை வைத்து வைத்து அளந்தார். நுனியில் யாளி முகம் செதுக்கினார். அந்த யாளியின் கண் மட்டும் ஒரு மாரி முழுதும் இழுத்தது. அவசரம் இல்லை என்பதுபோல் செய்தார். யுத்தத்தால் சீமைக் கம்பி கிடையாது. முன்பே வாங்கி எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த சுருள் ஒன்று இருந்தது. இரண்டு பேர் கேட்டார்கள். முதல் முறையாக இல்லை என்று சொன்னார். மெட்டுக்கு வெண்கலமும் கிடைக்கவில்லை. அண்ணி சீதனமாகக் கொண்டுவந்த வெண்கலச் செம்பை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உது அண்ணியின்ரை செம்பெல்லே, அண்ணை?"

"ஓம். மகளுக்குத்தானே போகுது."

கன்னாரிடம் கொடுத்து உருக்கி, கம்பியாக வார்த்து வந்து, வெட்டி அரத்தில் தேய்த்தார். இருபத்திநாலு மெட்டு. ஒரு சிரட்டையில் போட்டு மூடி வைத்தார். அதன் பின் செய்ய வேறு வேலை இல்லை. வாசிக்க ஆள் வரவேண்டும். சித்திரை வந்து வந்து போனது. ஆள் வரவில்லை.

யுத்தம் முடிந்து, ஒரு ஐப்பசி மாதம் பூமணி வந்து இறங்கினாள். யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு நாங்கள் இருவரும் போனோம். ஒரு தகரப் பெட்டி. கழுத்தில் ஒன்றும் இல்லை.

"அவரைக் கூட்டிக்கொண்டு போட்டாங்கள் மாமி. சயாம் பக்கம் றெயில் றோட்டுப் போட. திரும்பி வந்த ஒராள்தான் சொன்னது" என்றாள். அதற்கு மேல் நாங்கள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

வீணை கொட்டிலில் வெள்ளைத் துணி போர்த்து இருந்தது. அவள் பார்த்தாள். தொடவில்லை. நான்தான் கதைத்தேன்.

"அண்ணை, பிள்ளை வந்திட்டாள். மெட்டை வையுங்கோவன்."

"மழைக்கை மெழுகு பிடிக்காது. சித்திரை வரட்டும்."

"அதுக்கு இன்னும் ஆறு மாதம் கிடக்கு."

"இவ்வளவு வருசம் இருந்தனாங்கள்தானே."

அன்னம்மா அக்கா வேலிக்கு அங்கால் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. மனதில் வைத்திருக்கும் பழக்கம் அவவுக்கு இல்லை.

"தாலியறுத்த பிள்ளைக்கு உது என்னத்துக்கு? ஊர் என்ன கதைக்கும்? கோயிலுக்காவது குடுங்கோ."

அண்ணை வேலிப் பக்கம் திரும்பினார். "உது அவளின்ரை கைக்கு அளந்து வெட்டினது, அக்கா. ஆருக்குக் குடுத்தாலும் கை எட்டாது" என்றார். அவ்வளவுதான். அன்னம்மா அக்கா உள்ளே போய்விட்டா.

தைப்பொங்கல் கழிந்து ஒரு காலையில் அண்ணை கிணற்றடியில் விழுந்தார். பாரிசவாதம். வலக்கை போய்விட்டது. பேச்சும் கொஞ்சம் இழுத்தது. பரியாரியார் எண்ணெயும் கசாயமும் தந்தார். நானும் பூமணியும் மாறி மாறிப் பார்த்தோம். களைப்பாகத்தான் இருந்தது. அதை எழுதுவதில் என்ன வெட்கம்.

மாசியில் ஒரு நாள் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"மெழுகைக் காய்ச்சு, தங்கச்சி."

"சித்திரை எண்டியள்?"

"சித்திரை வாற நேரம் வரட்டும். நீ காய்ச்சு."

மாசிப் பனி விடாமல் இருந்த நாட்கள் அவை. மெழுகு வைத்த உடனே இறுகிவிடும். எனக்கு ஒரு யோசனை வந்தது. கொட்டிலைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டி மறைத்தேன். சிரட்டைக் கரி மூட்டி, சட்டி சட்டியாக நாலு மூலையிலும் வைத்தேன். எங்கள் வீட்டுச் சட்டிகள் போதவில்லை. புகை வேலிக்கு மேலால் போனது.

அன்னம்மா அக்கா எட்டிப் பார்த்தா. "என்னடி, சித்திரையைக் கொட்டிலுக்கை வைச்சுக் காய்ச்சிறியளோ?"

"ஓம் அக்கா."

கொஞ்ச நேரத்தில் தன்னுடைய நெருப்புச் சட்டியோடு வந்தா. "தள்ளு. உனக்கு நெருப்பு வைக்கவும் தெரியாது" என்றா. போகவில்லை. விசிறிக்கொண்டு நின்றா. வாத்தியார் செய்தி அறிந்து நல்லூரிலிருந்து வந்து சேர்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இப்பதான் சித்திரை மாதிரிக் கிடக்கு" என்றார்.

பூமணி வீணையை மடியில் வைத்தாள். தண்டு கைக்குச் சரியாக இருந்தது. அவள் வீணை தொட்டு எத்தனையோ வருஷம். விரல் தடுமாறியது. அண்ணை இடக்கையால் மெட்டை எடுத்து மெழுகில் வைத்தார்.

"தட்டு."

தட்டினாள்.

"கூடிப் போச்சு, ஐயா."

"எவ்வளவு?"

"ஒரு நெல்லளவு."

தள்ளினார். "இப்ப?"

"இன்னும் ஒரு துளி. ஓம். நில்லுங்கோ. ஓம்."

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அண்ணை அவர் பக்கம் பார்க்கவே இல்லை. பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தார். அவள் தலை ஆட்டினால் அடுத்தது. ஆட்டாவிட்டால் திரும்பவும். நான் மெழுகை இளக்கி இளக்கிக் கொடுத்தேன். ஒரு ஸ்தாயி முடிந்தது. பன்னிரண்டு. வாத்தியார், "காணும், கொஞ்சம் ஆறும்" என்றார். அண்ணை கேட்கவில்லை. பொழுது சாயச் சாய நெருப்பு அவிந்துகொண்டு வந்தது. கரி முடிந்துவிட்டது. பதினேழாவது மெட்டையும் வைத்துவிட்டு அண்ணை கையை எடுத்தார்.

"காணும். மிச்சத்தைச் சித்திரையிலை வைப்பம்."

அதன் பிறகு அவர் கொட்டிலுக்குப் போகவில்லை. பங்குனியில், விடியற்புறம், பூமணி கஞ்சி கொண்டுபோனபோது கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை. கஷ்டப்படவில்லை என்று பரியாரியார் சொன்னார்.

அண்ணை யாரோடும் சண்டை பிடித்ததில்லை. யாருக்கும் பொய் சொன்னதில்லை. பிடித்த பிடியை விட்டதுமில்லை, ஒரு முறை தவிர. அந்த ஒரு முறையைத்தான் மேலே எழுதினேன்.

நேரம் பாராமல் வந்து வைத்தியம் செய்த பரியாரியாருக்கும், பாடை கட்டிய, தோள் கொடுத்த இணுவில் உறவினருக்கும், கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை நடத்தித் தந்த குருக்களுக்கும், முப்பத்தோரு நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறு கறி சமைத்து வேலிக்கு மேலால் தந்த அன்னம்மா அக்காவுக்கும், தேவாரம் படித்த வாத்தியாருக்கும், சாவகச்சேரியிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வந்து எங்களோடு இருந்தவர்களுக்கும் நாங்கள் இருவரும் கடமைப்பட்டவர்கள். பேர் விட்டுப்போனவர்கள் குறை நினைக்க வேண்டாம். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை.

துடக்குக் கழிந்து சித்திரை வந்தது. போன வருஷ வெயில் உங்களுக்கு நினைவிருக்கும். உச்சியில் நானும் பூமணியும் வாத்தியாரும் கொட்டிலுக்குள் போனோம். துணியை எடுத்தோம். பூமணி முதல் மெட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனாள். வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் தலை ஆட்டினார். கடைசி மூன்றும் சரிந்து கிடந்தன. நெருப்பு அவிந்த பிறகு வைத்தவை.

"மிச்சத்தை நான் வைச்சுத் தரட்டே, பிள்ளை?" என்று வாத்தியார் கேட்டார்.

"இருக்கட்டும், வாத்தியார்" என்றாள். இருக்கிறதில் வாசிக்கிறாள். பின்னேரங்களில் கேட்கும்.

அண்ணை இருந்திருந்தால் சரிந்த மூன்றைத்தான் பார்த்திருப்பார். நான் சரியாமல் நின்றவற்றை எண்ணினேன்.

பதினாலு.