தேமேன்னு நின்ன நாள்

மகள், மருமகன், என் மனைவி, ஜீப் ஓட்டுறவர், நான். அன்று காலை வூட்டு வாசலில் இவ்வளவு பேர்தான். கல்யாணம் முடிந்து மகளை மலைக்குக் கீழே ஒடுகத்தூருக்கு அனுப்புகிறோம்.

மகள் அழுதாள். மனைவியும் அழுதாள். நான் பெட்டியை ஜீப்பில் ஏற்றிவிட்டுத் தள்ளி நின்றேன்.

"போய்ட்டு வர்றேம்பா."

"ம்" என்றேன்.

ஜீப் கிளம்பியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "இன்னா மனுசன்யா நீ? ஒரே பொண்ணு போவுது, தேமேன்னு நிக்கிற! ஜீப்புக்காரரே கண்ணத் தொடச்சாரு."

"கொஞ்சம் பேசாம இரு" என்றேன். அவளுக்கு இன்னும் கோபம்.

வேலையில்லாமல் இருப்பவனையும் தேமேன்னு இருக்கிறான் என்போம், எதுவும் மனசில் ஒட்டாதவனையும் என்போம். அவள் சொன்னது ரெண்டாவது. சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினாள். இப்போது திட்ட ஆளில்லை.

நான் சும்மா நிற்கவில்லை. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் ஜீப் ஆரன் அடிக்கும். அது கேட்கும்வரை மகள் பக்கத்தில் இருக்கிற மாதிரி. அழுதால் காதில் விழாது என்று மூச்சை அடக்கி ஒவ்வொரு ஆரனாக எண்ணிக்கொண்டிருந்தேன். இதை மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் போட்ட சத்தத்தில் ஒன்றிரண்டு தப்பியிருக்கும். எண்ணியது பதினொன்று.