சும்மா வந்த குக்கர்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்த கிரேன் ஆபரேட்டரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நரைத்த தாடி, கிரீஸ் கறை போகாத பெரிய கைகள். கேன்டீனில் டீயைத் தொடுவதற்கு முன்பே காசை வைத்துவிடுவார்.

எங்கள் ஷிப்டில் கிரெடிட் கார்டு வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வீடு திரும்பும்போது அவரைச் சீண்டினேன். தேதிகூட என் டைரியில் இருக்கிறது.

"தேதிக்குள்ள கட்டிட்டா வட்டியே இல்ல பாய். உங்க மார்க்கத்துல இதுல இன்னா தப்பு?"

"லேட்டானா வட்டி குடுப்பேன்னு முதல்லயே கையெழுத்து கேக்கறான் சார். அதை நான் போட மாட்டேன்."

"நான் ஒரு நாள்கூடத் தவறினதில்ல. கார்டுல சேர்ந்த பாயின்ட்லயே குக்கர் வந்துச்சு, சும்மா."

பாயின் முகம் இறுகியது. முன் சீட்டில், கார்டு பாக்கி கேட்டு ஓயாமல் அடித்த போனை அணைத்துக்கொண்டிருந்த வெல்டரைக் கண்ணால் காட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"சும்மா எவன் குடுப்பான்? மாசாமாசம் அவன் வட்டி கட்டிக்கினுகீறான். அந்தக் குக்கர்லதான் உங்க ஊட்ல சோறு வேவுது."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அவன் தேதிக்குக் கட்டலன்னா நான் இன்னா பண்றது?"

"எல்லாரும் தேதிக்குக் கட்டிட்டா உங்களுக்குக் குக்கர் ஏது சார்?"

கவரைப்பேட்டையில் வழக்கமான சலாம்கூட இல்லாமல் இறங்கிப் போனார்.

கார்டில் அடுத்துச் சேர்ந்த பாயின்ட்டுகளுக்குப் பொருள் வாங்கக் கடைசி நாளை டைரியில் குறித்து வைத்திருந்தேன். அந்த நாளை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பாய் மேல் உள்ள கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.