ராசாவோடு நடந்த கணேசண்ணை

கணேசண்ணை போய்விட்டார்.

நேற்று முன்தினம் இரவு, இங்கே லண்டனில் மிச்சம் என்கிற ஊரில், ட்ராம் ஸ்டொப்புக்குப் போகிற பாதையில். தன் நாய் ராசாவை நடத்திக்கொண்டு போன இடத்தில் விழுந்திருக்கிறார். மாரடைப்பாம்...

இதை எழுதும்போது ராசா என் கதவடியில் படுத்திருக்கிறான். வைத்த சாப்பாடு வைத்தபடி கிடக்கிறது.

அண்ணையின் பெயரைச் சொன்னால் சிலருக்குத் தெரியாது. இரவில் பெரிய கறுப்பு நாயோடு நடக்கிற மனிசன் என்றால் இந்த ஏரியாவில் எல்லோருக்கும் தெரியும். தூரத்தில் கண்டதுமே எங்கட சனம் ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடும்.

நான் அவரோடு பழகினதே நாயால்தான். என் பிள்ளைகள் "நாங்களே நடத்துவம் அப்பா" என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணி ஒரு குட்டி வாங்கினார்கள். பிறகு நடத்தினது யார் என்று நாய் வைத்திருக்கிற அப்பாமாருக்குத் தெரியும்.

நாய்ப் பீயைப் பையில் அள்ளுவதைச் சொந்தக்காரர் யாரும் கண்டுவிடக் கூடாது என்று ஷிப்ட் முடிந்து வந்து இருட்டில்தான் வெளிக்கிடுவேன். அண்ணை கண்டுவிட்டார்.

"வெக்கப்படாதையும் ஐசே. நான் பாலைவனத்திலை மூண்டு நாயளுக்கு அள்ளினவன்."

லண்டன் வர முதல் அவர் வளைகுடாவில் ஒரு முதலாளி வீட்டில் வேலை செய்தவர். பணக்காரக் குடியிருப்பு, சுற்றிவர மணல். பகலில் நிலம் நெருப்பாகக் கொதிக்கும், நாயின் கால் வெந்துவிடும் என்று இரவில்தான் நடத்துவாராம். ஏசி இரைச்சலைத் தவிர ஒரு சத்தம் இல்லாத தெரு.

"அங்கை தமிழ் தெரிஞ்ச ஒரு சனமில்லை. நாயளோடைதான் கதைச்சனான். இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிருக்கும்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார். எனக்குச் சிரிப்பு வராது.

அந்தப் பழக்கம் இங்கேயும் விடவில்லை. ராசாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. "இரு." "விடு." திரும்புகிற நேரம் வந்தால் "வா ராசா, வீட்டை போவம்."

அண்ணையின் மகள் சண்டை பிடிப்பா. "அப்பா, ப்ளீஸ், அவனுக்கு 'சிட்'டாவது பழக்குங்கோ."

"அவனுக்கு விளங்குதுதானே பிள்ளை. பிறகென்ன?"

அன்றைக்கு அந்தப் பாதைக்கு எதிர்வீட்டு அக்காதான் போன் எடுத்தா. "தம்பி, கணேசண்ணை விழுந்து கிடக்கிறார்... ஆம்புலன்சுக்கு அடிச்சிட்டன். நாய் ஒருத்தரையும் கிட்ட விடுதில்லை, ஓடி வாங்கோ!"

வீட்டுச் செருப்போடு ஓடினேன். ஆம்புலன்ஸ் ஆட்கள் பையோடு தள்ளி நிற்கிறார்கள். 'சிட்', 'குட் போய்' என்று கெஞ்சுகிறார்கள். ராசா அண்ணைக்கு மேலே நின்று பல்லைக் காட்டுகிறான்.

"ராசா, இரு" என்றேன்.

உடனே விலகிக் குந்தி இருந்தான்.

அவர்கள் செய்யக்கூடியது எல்லாம் செய்தார்கள். அண்ணை எழும்பவில்லை.

அக்கா ஜன்னலைத் திறக்க முதல் அவர் எவ்வளவு நேரம் கிடந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. அது பூட்டிக் கிடக்கிற பாதை இல்லை, ட்ராமால் இறங்குகிற சனம் வருகிற பாதை. நாயைக் கண்டு எத்தனை பேர் மற்றப் பக்கத்தால் போனார்களோ... நித்திரை இல்லை.

மகளின் வாடகை அறையில் நாய் வைத்திருக்க ஏலாது. என் லாண்ட்லோர்ட் ஒரு நாய்க்கே முகம் சுளிக்கிற ஆள். லண்டனுக்கு வெளியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கேட்டிருக்கிறது. நல்ல சனம். சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போவார்கள்.

அந்த அம்மாவுக்குப் போனில் சொல்லிக் கொடுத்தேன். 'இரு' வந்தது. 'விடு'வும் ஒரு மாதிரி வந்தது. 'வீட்டை போவம்' எத்தனை தரம் சொல்லியும் அவவின் வாயில் வரவில்லை.

நேற்று இரவு இரண்டு நாய்களையும் நான்தான் கொண்டு போனேன். நீங்கள் விழுந்த இடத்தில் ராசா படுத்துவிட்டான், அண்ணை. இழுத்தும் அசையவில்லை. கடைசியில் உங்களைப் போலவே சொன்னேன். "வா ராசா, வீட்டை போவம்."

எழும்பினான். என் வாசலைத் தாண்டி நடந்து, உங்கட கதவடியில் போய் நின்று வாலாட்டினான்.

போயிட்டு வாங்கோ அண்ணை...