இன்னொரு மேனஸ் கேலகர்

கடிதத்தை முதலில் பிரித்துப் படித்துவிடுவான். யாருக்கு வந்தது என்ற யோசனை பிறகுதான். அடுப்படி ஜன்னலோரம் நின்று, ஆட்டு ரோமப் பிசுக்கு ஏறிய கட்டைவிரலால் உறையைக் கிழிப்பான். தனக்கில்லை என்று தெரிந்தால் உரியவர் வீட்டுக்கு நடந்தே போய்க் கொடுப்பான். "பிரிச்சுட்டேன், கோச்சுக்காதே. உன் மச்சானுக்குக் கால் தேவலையாம்" என்பான்.

எங்கள் மலையடிவாரத்தில் இருபத்து மூன்று வீடு. பத்தொன்பதில் கேலகர்கள். அயர்லாந்தில் இந்த டோனகல் பக்கம் முழுக்கவே எங்கள் கூட்டம்தான் அதிகம். அதனால் அப்பன் பெயரை ஒட்டித்தான் ஆளைச் சொல்வோம். அவன் மேனஸ் ஜிம்மி, நான் மேனஸ் ஹியூயி. வெளியூரிலிருந்து எழுதுகிறவர்களுக்கு இந்த ஒட்டெல்லாம் தெரியாது. உறையில் இருவருமே மேனஸ் கேலகர். சாலையில் அவன் வீடு முதலில் வருவதால் தபால்காரர் எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்.

அவனுக்குத் தொழில், ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பது. கத்தரிக்கும்போது ஆட்டோடு பேசிக்கொண்டே இருப்பான், ஆடும் அடங்கிக் கிடக்கும். என் கையில் அதே ஆடு உதைக்கும். அமெரிக்காவிலிருந்து பூர்வீகம் தேடி வருகிறவர்களும் அவனிடம்தான் போய் நிற்பார்கள். "நம்ம பேருக்கு அர்த்தமே வேத்தாளோட உதவின்னு சொல்லுவாங்க. கடல் தாண்டி வந்திருக்கீங்க, அந்தப் பட்டிக் கதவைச் சித்த பிடிங்க" என்பான். சிரித்துக்கொண்டே பிடிப்பார்கள். அதே பெயர்தான் எனக்கும். என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பிலடெல்பியாவில் இறந்துபோன என் அண்ணனுக்கு ப்ரோனா என்று ஒரே மகள். எனக்கென்று மிச்சமிருந்த உறவு அவள்தான்; எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. மே மாதம் ஒரு காலையில் மேனஸ் ஜிம்மி வந்து, என் மேஜைமேல் ஐந்து கடிதங்களை வைத்தான். எல்லாம் பிரித்தவை. எல்லாம் அவள் எழுதியவை.

"'அன்புள்ள சித்தப்பா'ன்னு ஆரம்பிச்சிருந்தாடா. என்னை யாரு அப்படிக் கூப்பிட்டிருக்காங்க? ஒரே ஒரு பதில் போட்டுட்டு உன்கிட்ட கொடுத்துடலாம்னுதான் இருந்தேன்."

"அஞ்சு பதில் போட்டிருக்கியேடா!"

"அவ திருப்பித் திருப்பி எழுதினா நான் என்ன பண்ண? வியாழக்கிழமை பஸ்ல வர்றா. உன் அண்ணன் மக. நீயே போய்க் கூட்டிட்டு வா."

வெளியே போடா என்று கத்தினேன். போனதும் கடிதங்களைப் படித்தேன். 'உங்கள் கடிதம் வந்தால் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன், சித்தப்பா.' நான் எழுதியிருந்தால் மழையைப் பற்றி நான்கு வரி எழுதியிருப்பேன். படுபாவி, திருடியதுதான் திருடினான், இத்தனை நன்றாகவா திருட வேண்டும்?

வியாழக்கிழமை அவனையும் இழுத்துக்கொண்டுதான் போனேன். அவன் போட்ட பதில்களில் இருந்ததை அவள் ஏதாவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாதே. பஸ்ஸிலிருந்து இறங்கியவளுக்கு என் அண்ணனின் நெற்றி. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்கள்ல மேனஸ் கேலகர் யாரு?"

ஜிம்மி மகன் வாயைத் திறந்துவிட்டான். திறந்த வாய்க்குள் தன் தொப்பியின் விளிம்பைத் திணித்துக் கடித்துக்கொண்டு, என் முதுகில் கை வைத்து அவள் பக்கம் தள்ளினான்.